பள்ளியில் உங்கள் குழந்தைக்கு வேண்டியதை எழுதிக் கேளுங்கள்

மாற்றுத்திறன் உள்ள குழந்தையைப் பள்ளியில் சேர்த்திருக்கும் பெற்றோரைச் சந்தித்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: பள்ளியிடம் இதுவரை எதையாவது எழுத்தில் கேட்டிருக்கிறீர்களா? பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். "டீச்சர்கிட்ட சொல்லியிருக்கோம், பாத்துக்கறேன்னு சொன்னாங்க" என்பார்கள். அந்த டீச்சர் நல்லவராகவே இருப்பார், சொன்னபடி செய்யவும் செய்வார். ஆனால் அடுத்த ஜூனில் அவர் வேறு பள்ளிக்கு மாறிப் போய்விடுவார், அல்லது குழந்தை அடுத்த வகுப்புக்குப் போய்விடும், புதிதாக வருபவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். என் மகனுக்குச் செரிப்ரல் பால்சி என்கிற மூளை முடக்குவாதம், பேச்சும் தெளிவாக வராது. பள்ளியில் அவனுக்கு நிலைத்து நின்ற உதவி எல்லாமே மனுவாக எழுதிக் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்கியவைதான். அதனால் எதை, எப்படி, யாருக்கு எழுதிக் கேட்பது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். தமிழ்நாட்டுப் பள்ளிகளை வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு நோட்டு

சட்டம், மனு எல்லாம் அப்புறம். முதலில் ஒரு நோட்டு எடுத்து, குழந்தையின் பள்ளி நாளில் எந்தெந்த இடத்தில் தடை வருகிறது என்று ஒரு வாரம் குறித்து வாருங்கள். பொதுவாக எழுதாதீர்கள். "எழுதக் கஷ்டப்படுகிறான்" என்றால் அதை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. எங்கே, எப்போது, என்ன நடக்கிறது என்று எழுத வேண்டும்.

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கரும்பலகையைப் பார்த்து எழுதுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலையைத் தூக்கி ஒரு சொல்லைப் பார்க்கிறான், குனிந்து நோட்டில் வரியைத் தேடுகிறான், பென்சிலை அழுத்திப் பிடித்து இரண்டு எழுத்து எழுதுகிறான், மறுபடி நிமிர்ந்தால் பலகையில் எந்த வரியில் விட்டோம் என்று தெரியவில்லை. மூன்றாவது வரிக்கு வருவதற்குள் டீச்சர் அழித்துவிட்டு அடுத்த கணக்கைப் போடுகிறார். மாலையில் பார்த்தால் நோட்டில் அரைகுறையாக நாலு வரி, கீழே சிவப்பு மையில் "இன்கம்ப்ளீட்". இதில் அவனுக்குப் பாடம் புரியாத இடம் ஒன்றுகூட இல்லை. பார்த்து எழுதுவதுதான் தடை. அப்படியானால் கேட்க வேண்டியது என்ன? பலகையில் எழுதியதன் நகலோ செல்போன் படமோ தினமும் வேண்டும். மேசைமேல் வைத்துக்கொள்ளச் சாய்வுப் பலகை வேண்டும். பென்சிலுக்குத் தடித்த பிடிமானம் வேண்டும். நீளமாக எழுத வேண்டிய வீட்டுப்பாடத்துக்குப் பதிலாக வாயால் சொல்லவோ கோடிட்ட இடத்தை நிரப்பவோ அனுமதி வேண்டும். இந்த நான்கையும் தனித்தனியாகக் கேட்டால் பள்ளி ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று பதில் சொல்லியாக வேண்டும். "அவனைக் கொஞ்சம் கவனிச்சுக்கோங்க" என்று கேட்டால் "சரிங்கம்மா" என்பதோடு முடிந்துவிடும்.

வகுப்பறையோடு நிறுத்தாதீர்கள். கழிப்பறை, சாப்பாட்டு நேரம், பிரேயரில் நிற்பது, விளையாட்டுப் பீரியட், வேனில் ஏறி இறங்குவது எல்லாம் பள்ளி நாள்தான். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு மணிச் சத்தமும், சொல்லாமல் கொள்ளாமல் பீரியட் மாறுவதும் தடையாக இருக்கலாம். காது சரியாகக் கேட்காத குழந்தைக்கு டீச்சர் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசும் நேரமெல்லாம் பாடம் போய்விடும். பார்வை குறைந்த குழந்தைக்கு ஜன்னல் வெளிச்சம் பலகையில் பட்டுக் கூசுவதுகூட ஒரு காரணம்தான், இடம் மாற்றி உட்கார வைத்தாலே பாதி சரியாகும். அதே நோட்டில் குழந்தைக்கு எது நன்றாக வரும், எதில் ஆர்வம், எப்படிச் சொன்னால் புரியும் என்பதையும் எழுதி வையுங்கள். இதையெல்லாம் ஒரே பக்கத்தில் சுருக்கி, ஒவ்வொரு வருடமும் வகுப்பாசிரியர் கையில் கொடுக்கலாம். நாற்பது குழந்தைகளை வைத்துக்கொண்டு இருப்பவருக்குப் பத்துப் பக்க மருத்துவ அறிக்கை படிக்க நேரம் இருக்காது, ஒரு பக்கம் என்றால் படிப்பார்.

சான்றும் அட்டையும்

மாற்றுத்திறனாளி சான்றும் யுடிஐடி என்கிற தனித்துவ அடையாள அட்டையும் இல்லையென்றால் உடனே விண்ணப்பியுங்கள். ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் பதிவு செய்துவிட்டு அரசு மருத்துவமனையில் மருத்துவர்களின் மதிப்பீட்டுக்குப் போக வேண்டும். வழி தெரியாவிட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள், பொதுவாக அது கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலேயே இருக்கும். பழைய 1995 சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, 2016 சட்டத்தில் 21 ஆகிவிட்டது. ஆட்டிசமும் டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடுகளும் இப்போது அதில் உண்டு. கற்றல் குறைபாட்டுக்கு எட்டு வயதுக்கு முன் பொதுவாகச் சான்று தருவதில்லை, அதுவரை மதிப்பீட்டு அறிக்கையை வைத்தே பள்ளியிடம் பேசலாம்.

சான்று வாங்கினால் குழந்தைக்கு முத்திரை விழுந்துவிடும் என்று தயங்குகிற குடும்பங்கள் நிறைய. வீட்டுப் பெரியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், "பெரியவனானா சரியாயிடும்" என்பார்கள். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் பத்தாம் வகுப்பு டிசம்பரில் வந்து, பொதுத்தேர்வுக்கு முன் எப்படியாவது சான்று வாங்கித் தர முடியுமா என்று அழுகிற பெற்றோரைப் பார்க்கும்போது, ஏழு வயதில் அந்தத் தாளை வாங்கி பீரோவில் வைத்திருந்தால்கூடப் போதுமே என்று தோன்றும். அதை எங்கே காட்டுவது, எங்கே காட்ட வேண்டாம் என்பதை முடிவு செய்வது நீங்கள்தான்.

இலவசக் கருவி போன்ற பல உதவிகளுக்கு 40 சதவீதம் குறைபாடு என்கிற வரம்பு இருக்கிறது. உங்கள் குழந்தைக்கு அதற்குக் கீழே போட்டுவிட்டார்கள் என்றால் எல்லாக் கதவும் மூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்புள்ள ஒருவர் யுபிஎஸ்சி தேர்வுக்குச் சொல்வதை எழுதுபவர் வேண்டும் என்று போன வழக்கில், 40 சதவீதம் இல்லை என்பதைக் காரணம் காட்டி அதை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. விகாஷ் குமார் வழக்கு என்று சொன்னால் அதிகாரிகளுக்குத் தெரியும்.

மனுவில் எந்தச் சட்டத்தை எழுதுவது

எல்லாச் சட்டத்தையும் கரைத்துக் குடிக்க வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் மூன்று பிரிவுகளைத் தெரிந்துகொண்டால் போதும். பிரிவு 16, அரசு நிதி பெறும் பள்ளிகளும் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் குழந்தையைப் பாகுபாடில்லாமல் சேர்க்க வேண்டும், அந்தக் குழந்தைக்கு ஏற்ற வசதியும் தனிப்பட்ட ஆதரவும் தர வேண்டும் என்கிறது. அங்கீகாரம் என்ற சொல் இருப்பதால் மெட்ரிக், சிபிஎஸ்இ பள்ளிகளையும் இதைக் காட்டிக் கேட்கலாம். பிரிவு 17-இல் நமக்கு வேண்டியது இரண்டு: 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள மாணவர்களுக்கு 18 வயது வரை புத்தகமும் உதவிக் கருவியும் இலவசமாகத் தருவது, பாடத்திட்டத்திலும் தேர்விலும் தேவையான மாற்றம் செய்வது. பிரிவு 31, அதே வரம்பில் வரும் 6 முதல் 18 வயது வரையான குழந்தைகளுக்கு அருகிலிருக்கும் பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி என்கிறது. இதோடு 2009 கல்வி உரிமைச் சட்டமும் இருக்கிறது. 2012 திருத்தத்துக்குப் பிறகு மாற்றுத்திறன் குழந்தைகளும் அதில் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினராகச் சேர்க்கப்பட்டார்கள், அதனால் தனியார் பள்ளிகளின் 25 சதவீத ஒதுக்கீட்டில் அவர்களும் விண்ணப்பிக்கலாம்.

பள்ளியில் யாரைப் பார்ப்பது

அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி என்றால் உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையம்தான் முக்கியம். பி.ஆர்.சி. என்றால் எல்லோருக்கும் தெரியும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்பாசிரியர்கள், பிசியோதெரபிஸ்ட் எல்லாம் அங்கிருந்துதான் பள்ளிகளுக்கு வருகிறார்கள். பள்ளிக்கு வரவே முடியாத நிலையில் இருக்கும் குழந்தைக்கு வீட்டுக்கே வந்து சொல்லித்தருவதும் இந்தத் திட்டத்தில் உண்டு. முதலில் எச்.எம். இடம் போய், மாணவர் விவரங்களை வைத்திருக்கும் எமிஸ் என்கிற கணினிப் பதிவில் குழந்தையின் குறைபாடு சரியாக ஏறியிருக்கிறதா என்று திரையில் காட்டச் சொல்லிப் பாருங்கள். அதில் இல்லாத குழந்தை மருத்துவ மதிப்பீட்டு முகாம் பட்டியலிலும் கருவிப் பட்டியலிலும் வராமல் போய்விடும். அடுத்து, சிறப்பாசிரியர் இந்தப் பள்ளிக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று கேளுங்கள். ஐ.இ.பி. என்று சொல்லப்படும் தனிநபர் கல்வித் திட்டம் உங்கள் குழந்தைக்கு எழுதியிருக்கிறார்களா, எழுதியிருந்தால் அதில் ஒரு நகல் தருவீர்களா என்றும் கேளுங்கள். நிறைய இடத்தில் அது ஃபைலில் இருக்கும், பெற்றோர் பார்த்தே இருக்க மாட்டார்கள். அதில் "ஓரளவு எழுதுவான்", "முன்னேற்றம் தேவை" என்று இருந்தால் உட்கார்ந்து மாற்றச் சொல்லுங்கள். "டிசம்பருக்குள் சாய்வுப் பலகையின் உதவியோடு ஐந்து வரி பார்த்து எழுதுவான்" என்று இருந்தால்தான் டிசம்பரில் நடந்ததா இல்லையா என்று பார்க்க முடியும்.

சிறப்பாசிரியர்களை எதிரியாக்கிக்கொள்ளாதீர்கள். அவர்களில் பெரும்பாலோர் தொகுப்பூதியத்தில் வேலை செய்கிறவர்கள், ஒருவரே பல பள்ளிகளுக்கு ஓடுகிறார். பத்து மாணவருக்கு ஒரு சிறப்பாசிரியர், உயர் வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்று 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, நம் ஊரில் நிலைமை அதற்கு வெகு தூரம். ஆள் போதவில்லை என்று மேலே மனு கொடுத்தால் அது அவர்களுக்கும் உதவும், இதை அவர்களிடமே சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

தனியார் பள்ளியில் கதை வேறு. அங்கே முதல் சந்திப்பிலேயே "ஷேடோ டீச்சர் நீங்களே போட்டுக்குங்க" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. வகுப்பில் குழந்தையோடு கூடவே இருந்து உதவுபவரைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். மாதச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க எத்தனை குடும்பத்தால் முடியும்? அதற்குச் சரி என்று தலையாட்டுவதற்கு முன்னால் பள்ளி தன் பங்குக்கு என்ன செய்யும் என்று எழுத்தில் கேளுங்கள். சிபிஎஸ்இ பள்ளி என்றால் சிறப்புக் கல்வியாளர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்பது வாரியத்தின் விதியே. அவர் யார், வாரத்தில் எத்தனை பீரியட் என் குழந்தையோடு இருப்பார் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

மனு எழுதுவது

ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். கோபம், கண்ணீர், கடந்த வருடத்து வருத்தம் எதுவும் அதில் வேண்டாம். இப்படி எழுதலாம்:

"ஐயா, தங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆ பிரிவில் படிக்கும் என் மகனுக்கு மூளை முடக்குவாதப் பாதிப்பு உள்ளது. அடையாள அட்டை நகல் இணைத்துள்ளேன். கரும்பலகையைப் பார்த்து எழுதுவதில் அவனுக்குத் தடை இருப்பதால் பாடக்குறிப்புகள் முழுமையாகக் கிடைப்பதில்லை. எனவே மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவுகள் 16 மற்றும் 17-இன்படி கீழ்க்கண்டவற்றைச் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, தினமும் பாடக்குறிப்பின் நகல் அல்லது படம். இரண்டு, சாய்வுப் பலகை பயன்படுத்த அனுமதி. மூன்று, வட்டார வள மையச் சிறப்பாசிரியரின் மதிப்பீடும் தனிநபர் கல்வித் திட்டத்தின் நகலும். இவை குறித்து 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தருமாறு வேண்டுகிறேன்."

இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் தேதியும் சீலும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். சீல் போட மறுத்தால் சண்டை வேண்டாம், தபால் ஆபீஸ் போய் ஒப்புகை வரும்படி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிடுங்கள், ரசீது பத்திரம்.

கூப்பிட்டுப் பேசினால் தனியாகப் போகாதீர்கள். கணவனோ மனைவியோ, அத்தையோ மாமாவோ, இன்னொரு பெற்றோரோ கூட இருக்கட்டும். ஒருவர் பேச, இன்னொருவர் குறிப்பு எடுக்கலாம். நாம் தனியாக எச்.எம். அறையில் உட்கார்ந்திருக்கும்போது எதிரே நாலு பேர் இருந்தால் வாய் அடைத்துவிடும், அது எல்லோருக்கும் நடப்பதுதான். வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கே ஒரு வாட்ஸப்போ மெயிலோ அனுப்பிவிடுங்கள்: "இன்று பேசியபடி திங்கட்கிழமையிலிருந்து குறிப்பு நகல் தருவதாகச் சொன்னதற்கு நன்றி. சாய்வுப் பலகை பற்றி வெள்ளிக்குள் சொல்வதாகக் கூறினீர்கள்." எல்லோரையும் மதித்து எழுதிய இந்த இரண்டு வரி பின்னால் பெரிய சாட்சி.

உதவிக் கருவிகள்

கருவி என்றதும் விலை உயர்ந்த டேப்லெட்தான் மனதில் வரும். அப்படி இல்லை. லேமினேட் செய்த பட அட்டை, பெரிய எழுத்தில் அச்சடித்த பாடம், வரியைக் காட்டும் அட்டைச் சட்டம், காலுக்குக் கீழே வைக்கும் ஸ்டூல் எல்லாமே கருவிதான். கால் தரையில் படாமல் தொங்கும் குழந்தைக்குக் கை நிதானமாக வராது, ஒரு மரப்பலகையைக் கீழே போட்டால் எழுத்தே மாறுவதைப் பார்க்கலாம்.

செலவே இல்லாதவை நிறைய. கம்ப்யூட்டரில் என்விடிஏ என்கிற திரைவாசிப்பான் இலவசம், தமிழும் வாசிக்கும். ஆண்ட்ராய்டு போனில் அதே வேலையைச் செய்யும் டாக்பேக் ஏற்கெனவே இருக்கிறது. பேசுவதை உடனுக்குடன் எழுத்தாகக் காட்டும் லைவ் டிரான்ஸ்கிரைப் தமிழிலும் வேலை செய்யும், காது கேட்காத, ஆனால் படிக்கத் தெரிந்த குழந்தைக்கு அது வகுப்பில் உதவும். கையால் எழுத முடியாத குழந்தை தமிழில் சொல்லச் சொல்லப் போனே தட்டச்சு செய்துவிடும். பேச்சு வராத குழந்தைகளுக்குச் சென்னையில் உருவான ஆவாஸ் செயலி இருக்கிறது, படத்தைத் தொட்டால் சொல்லும், தமிழிலும் கிடைக்கிறது, ஆனால் அதற்குக் கட்டணம் உண்டு. வாங்குவதற்கு முன் குழந்தை அதைத் தொட்டுப் பழகிப் பார்க்க வேண்டும். சென்னை காமராஜர் சாலையில் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை 2022-இல் திறந்த மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸ் இதற்காகவே இருக்கிறது, நாற்காலியிலிருந்து கம்ப்யூட்டர் மௌஸ் வரை பலவற்றை அங்கே நேரில் பார்க்கலாம். முட்டுக்காட்டில் இருக்கும் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்திலும் மதிப்பீடு செய்கிறார்கள்.

"இதைக் கையில் கொடுத்தால் அப்புறம் பேசவே மாட்டான்" என்று உங்களிடம் சொல்வார்கள், சில நேரம் படித்தவர்களே சொல்வார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. பட அட்டையோ செயலியோ பேச்சைத் தடுப்பதில்லை, பல குழந்தைகளுக்கு அதோடு சேர்ந்து பேச்சும் கொஞ்சம் கூடுகிறது. என் மகன் தண்ணீர் வேண்டும் என்பதைத் தவிர வேறு எதையும் பள்ளியில் கேட்டதில்லை. பட அட்டையைப் பள்ளிக்குக் கொண்டுபோன முதல் வாரத்தில் பக்கத்தில் உட்காரும் பையன் தன் ரப்பரை எடுத்துவிட்டான் என்று டீச்சரிடம் புகார் சொன்னான். எனக்கு அந்தப் புகார் அவ்வளவு பிடித்திருந்தது.

இலவசக் கருவிக்கு வழி, வட்டார அளவில் நடக்கும் மருத்துவ மதிப்பீட்டு முகாம். பள்ளி மாணவர்களுக்கு அலிம்கோ என்கிற மத்திய அரசு நிறுவனத்தின் மூலம் சக்கர நாற்காலி, செரிப்ரல் பால்சி குழந்தைகளுக்கான சி.பி. சேர், காது மெஷின், பிரெய்ல் பொருட்கள், அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்கான கற்றல் பெட்டி எல்லாம் வரும். முகாம் தேதி பல பெற்றோருக்கு முந்தின நாள்தான் தெரிகிறது, அதனால் ஜூனிலேயே எச்.எம். இடமும் பி.ஆர்.சி.யிலும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். முகாமில் பட்டியலில் பெயர் எழுதுவதோடு விடாமல், குழந்தையை உட்கார வைத்து இடுப்பு அகலம், தொடை நீளம், கால் உயரம் அளக்கிறார்களா என்று பாருங்கள். மதிப்பீட்டுக்கும் கருவி கையில் வருவதற்கும் பல மாதம் ஆகும், அதற்குள் குழந்தை வளர்ந்திருக்கும், இதைச் சொல்லி அளவு குறிக்கச் சொல்லுங்கள். அளவு தவறிய நாற்காலி முதுகை வளைக்கும். பொருந்தவில்லை என்றால் வாங்கிக்கொண்டு வீட்டு மூலையில் போடாமல் அங்கேயே எழுதிக் கொடுங்கள்.

கருவி கிடைத்த பிறகுதான் பெரிய வேலை ஆரம்பிக்கிறது. உடைந்துவிடும், தொலைந்துவிடும் என்று பயந்து எச்.எம். அறைப் பீரோவில் பூட்டி வைத்து, அதிகாரி வரும் நாளில் மட்டும் எடுத்துக் கொடுக்கும் பள்ளிகள் உண்டு. என் மகனின் பழைய பள்ளியில் அவனுடைய பேச்சுக் கருவி அப்படித்தான் இருந்தது, சார்ஜ் இறங்கி, உறைகூடப் பிரிக்காமல். அதனால் தனிநபர் கல்வித் திட்டத்திலேயே கேட்டு எழுத வையுங்கள்: கருவி எங்கே இருக்கும், யார் சார்ஜ் போடுவது, காது மெஷினுக்கு உபரி பேட்டரி யாரிடம், எந்தெந்த பீரியடில் பயன்படுத்துவது, வீட்டுக்கு எடுத்துப் போகலாமா, எந்த ஆசிரியருக்குப் பயிற்சி, அவர் லீவு போட்டால் யார். குழந்தையோடு தினமும் இருக்கும் ஒருவருக்காவது இயக்கத் தெரியாவிட்டால் அந்தக் கருவி பயன்படாது.

பள்ளியில் செல்போன், டேப்லெட் கொண்டுவரத் தடை என்பார்கள். அதற்கும் வழி இருக்கிறது. சிம் இல்லாமல், இணையம் இல்லாமல், ஒரே செயலி மட்டும் திறந்திருக்கும்படி பூட்டி வைக்கலாம், ஆண்ட்ராய்டிலும் ஐபேடிலும் அந்த அமைப்பு உண்டு. அதை எச்.எம். முன்னால் செய்து காட்டுங்கள். கூடவே ஸ்பீச் தெரபிஸ்டிடமிருந்து, இதுதான் இந்தக் குழந்தை பேசும் வழி, இதை வாங்கி வைப்பது வாயை மூடுவதற்குச் சமம் என்று ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

பொதுத்தேர்வு

பத்தாம் வகுப்பு வரைக்கும் காத்திருக்காதீர்கள், ஒன்பதிலேயே ஆரம்பியுங்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு போன்றவை குறைபாட்டின் வகையைப் பொறுத்துக் கிடைக்கும். பள்ளித் தலைமையாசிரியர் வழியாகத்தான் விண்ணப்பம் போக வேண்டும், மருத்துவச் சான்றும் வேண்டும். சிபிஎஸ்இ-யில் மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதல். மொழி விலக்கை மட்டும் யோசித்து எடுங்கள். மதிப்பெண் பயத்தில் உடனே வாங்கிவிடாமல், குழந்தை அடுத்து எங்கே படிக்கப் போகிறது, அங்கே அந்த மொழி வேண்டுமா என்று பார்த்துவிட்டு, குழந்தையிடமும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

சொல்வதை எழுதுபவரோடு தேர்வு எழுதுவதே தனிப் பழக்கம். கணக்கில் எந்தப் படியை எங்கே போடச் சொல்வது, படம் வரைய எப்படி வழிகாட்டுவது என்பதெல்லாம் பழகினால்தான் வரும். ஒன்பதாம் வகுப்புக் காலாண்டிலேயே அப்படி எழுத வைக்கச் சொல்லி மனு கொடுங்கள். தேர்வு நாளில் அனுமதி உத்தரவின் நகல் உங்கள் கையில் இருக்கட்டும். எழுதுவதில் குறைபாடுள்ள அவ்னி பிரகாஷ் என்ற மாணவிக்கு நீட் தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாக உரிமை இருந்தும், தேர்வு மையத்தில் அதைத் தராமல் விடைத்தாளை வாங்கிவிட்டார்கள். அது தவறு என்று உச்ச நீதிமன்றம் 2021 நவம்பரில் சொன்னது, ஆனாலும் மறுதேர்வு கிடைக்கவில்லை. அதனால் முதல் நாளே மையத்துக்குப் போய் கண்காணிப்பாளரைப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

மறுத்தால்

இல்லை என்று சொன்னால் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். பல மறுப்புகள் இந்த இடத்திலேயே கரைந்துவிடும், எழுதிக் கையெழுத்துப் போட யாருக்கும் மனம் வராது. "ஃபண்ட் இல்லை" என்பது அடிக்கடி வரும் பதில். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்விக்கான ஒன்றிய அரசின் பங்கு தமிழ்நாட்டுக்கு வராமல் நின்றது உண்மைதான், அதன் பாரம் முதலில் விழுவது நம் பிள்ளைகள் மேல். ஆனால் முன் வரிசையில் இடம் மாற்றித் தருவதற்கும், குறிப்பு நகல் தருவதற்கும், வாய்மொழியாகக் கேள்வி கேட்பதற்கும் நிதி எதற்கு? பணம் வேண்டியதையும் வேண்டாததையும் மனுவில் பிரித்து எழுதுங்கள்.

அடுத்த படி வட்டாரக் கல்வி அலுவலர், அதற்கு மேல் முதன்மைக் கல்வி அலுவலர். ஒரு நகல் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் போகட்டும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுநாளில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும், 1100-இல் முதல்வரின் முகவரிக்கும் புகார் சொல்லலாம்.  

அதிலும் நடக்காவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். அவருக்குச் சம்மன் அனுப்பவும் ஆவணம் கேட்கவும் சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு, அவர் பரிந்துரைத்தால் சம்பந்தப்பட்டவர்கள் மூன்று மாதத்துக்குள் என்ன செய்தோம் என்று பதில் சொல்ல வேண்டும். வக்கீல் வைக்காமல் நீங்களே எழுதலாம். வழக்கறிஞர் வேண்டும் என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைப் பாருங்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச உதவி கிடைக்கும், 15100 அவர்களுடைய எண். தகவல் உரிமைச் சட்டமும் கையில் இருக்கிறது: இந்த ஒன்றியத்துக்கு எத்தனை சிறப்பாசிரியர் பணியிடம், எத்தனை காலி, கடந்த கல்வியாண்டில் இந்தப் பள்ளிக்கு எந்தெந்தத் தேதியில் வந்தார்கள், எத்தனை கருவி ஒதுக்கி எத்தனை வழங்கினார்கள் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். அந்தப் பதிலை அடுத்த மனுவோடு இணைத்தால் வாதமே தேவையில்லை.

முடிந்தால் இதைத் தனியாகச் செய்யாதீர்கள். அதே ஒன்றியத்தில் உங்களைப் போல நாலைந்து குடும்பமாவது இருக்கும், பி.ஆர்.சி. பிசியோதெரபி நாளில் போனால் பார்த்துவிடலாம். நாலு பேர் ஒரே நாளில் தனித்தனி மனு கொடுப்பது ஒருவர் நாலு மனு கொடுப்பதைவிட வேகமாக வேலை செய்யும். குழந்தை படிக்கிற பள்ளியில் நாளைக்கும் முகம் பார்க்க வேண்டும் என்கிற தயக்கமும் அதில் குறையும்.

ஐந்திலிருந்து ஆறுக்கோ, எட்டிலிருந்து ஒன்பதுக்கோ பள்ளி மாறும்போதுதான் எல்லாம் அறுந்துபோகும். மாற்றுச் சான்றிதழ் வாங்கும் நாளிலேயே தனிநபர் கல்வித் திட்டத்தின் கடைசிப் பிரதி, மதிப்பீட்டு அறிக்கை, பழைய பள்ளி எழுத்தில் ஒத்துக்கொண்டவை எல்லாவற்றின் நகலையும் கேட்டு வாங்குங்கள். குழந்தையின் பெயருக்கு வந்த கருவி குழந்தையோடு போக வேண்டும், பள்ளியில் விட்டுவிட்டு வராதீர்கள். புதிய பள்ளி எமிஸில் பெயரை ஏற்றிக்கொண்டதும் குறைபாட்டு விவரம் கூடவே வந்திருக்கிறதா என்று பாருங்கள். வகுப்பு தொடங்கிய முதல் வாரத்தில் அந்த ஒரு பக்கக் குறிப்பையும் புது மனுவையும் கொடுத்து, பிரதியில் சீல் வாங்கி ஃபைலில் போட்டுவிடுங்கள்.